ஒரு கை பைனஸ் இலை

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பைனஸ் என்கிற பைன் மர விதைகளை மூன்று நிரையாக நட்டிருந்தார்கள். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் மூன்று நிரையும் மண்ணிலிருந்து ஒரே அளவு சத்தை எடுப்பதில்லை. எது எவ்வளவு எடுக்கிறது என்று ஊசியிலையைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் கடைசி வருட ஆய்வு.

திங்கட்கிழமை காலை இலைகள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். தவறினால் பட்டம் அடுத்த வருடம்தான். ஞாயிறு மதியத்துக்கு மேல் மழை நிச்சயம், நனைந்த இலையோ உதவாது. அதனால் அன்று காலையிலேயே, கொழுந்து பறிப்பதில் சூரர்களான என் அம்மாவையும் பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிப்போனேன். மரங்கள் இளசு, கிளைகள் கைக்கு எட்டின. ஆளுக்கொரு நிரை, ஆளுக்கொரு பை.

பத்து மணிக்கே பைகள் நிறைந்துவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பைகளில் அடையாளம் எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை பேச்சுவாக்கில் சொன்னார், தன் பை பாதியில் நின்றதைப் பார்த்து அம்மா தம் பையிலிருந்து நாலு கை அள்ளிப் போட்டாராம். நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் என் பைக்கும் ஒரு கை விழுந்திருந்தது. கொழுந்து மலையில் அதுதான் வழக்கம். நிறுக்கும் நேரத்தில் ஒருத்தியின் கூடை குறைவாக இருந்தால் பக்கத்து நிரைக்காரி அள்ளிப் போடுவாள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்லிக்காட்டுவதுமில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கத்திவிட்டேன்.

"எல்லாம் பைனஸ் எலதானே புள்ள?" என்றார் அம்மா.

கலந்துவிட்டால் எந்த மரம் எவ்வளவு சத்து எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. மூன்று பைகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து பறிக்கத் தொடங்கினோம். இருந்த ஆத்திரத்தில் ஒரு சட்டமும் போட்டேன்: ஒரு நிரையைத் தொட்ட கை அடுத்த நிரையைத் தொடக்கூடாது.

அம்மாவின் பை முதலில் நிறைந்தது, அடுத்தது என்னுடையது. அத்தையினுடையது பாதிதான். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பறிக்கிறது லேசு புள்ள. அவ பை கொறையா இருக்கிறதப் பாத்துக்கிட்டு நிக்கிறதுதான் முடியல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அம்மாவைக் கை கழுவச் சொன்னேன். அத்தையின் நிரையிலேயே பறித்து அத்தையின் பையிலேயே போடலாம் என்றேன். ஈரக் கையைத் துடைத்தபடியே ஓடினார்.

முதல் துளி விழுந்தபோது மூன்று பைகளும் கட்டியாகிவிட்டன.