த்ராங்கீலா என்ற சொல்

மத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தபோது, அங்கே ஸ்பெயின் தேசத்து சிஸ்டர் ஒருவர் இருந்தார். எதையும் உடைந்த தமிழில் சமாளித்துவிடுவார். ஒரு சொல்லை மட்டும் தன் பாஷையிலிருந்து விட மாட்டார். ஆணுக்கு த்ராங்கீலோ, பெண்ணுக்கு த்ராங்கீலா. பதற்றமில்லாத ஆள் என்று அர்த்தமாம். ஊசிக்கு அலறும் பிள்ளையிடம் அதைச் சொன்னால் அழாதே என்று ஆகும். அவசரப்படும் என்னிடம் சொன்னால் நிதானம் என்று ஆகும். ஏரித் தண்ணீர் அசையாமல் கிடந்தால் அதற்கும் அதே சொல். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிற வாய் எனக்கு. இதையும் பிடித்துக்கொண்டு பெருமையடித்துத் திரிந்தேன். ஒன்றையும் கவனித்து வைத்திருந்தேன். சிஸ்டருக்கே பயம் வந்தால், அந்தச் சொல்லை மிக மெதுவாகச் சொல்வார்.

ஒருநாள் காலை, தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக வலி. அந்தப் பக்கத்தில் ஆளை இறக்கிவிட்டாலும் மாட்டை உடனே அவிழ்க்க மாட்டார்கள். பயமில்லை என்று உள்ளேயிருந்து தகவல் வரும்வரை வண்டி பூட்டியபடியே நிற்கும். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டுமே.

சிஸ்டர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "த்ராங்கீலா, த்ராங்கீலா" என்றார். மிக மெதுவாக. அவருக்கே பயம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

துணி எடுக்க வெளியே வந்தேன். அவள் புருஷன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டரம்மா என்னங்க சொல்றாங்க?"

"பயப்பட ஒண்ணுமில்லேங்கறாங்க. மாட்ட அவுத்து வுடுங்க."

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. அது மட்டுமில்லை, சிஸ்டரின் பாஷை எனக்குத் தெரியும் என்ற திமிரும் சேர்ந்துதான் பேசியது. புருஷன்காரர் மாடுகளை அவிழ்த்து, கூட வந்த தம்பியிடம் கொடுத்து ஏரிக்கு அனுப்பினார்.

அரைமணி கழித்து சிஸ்டர் ஓடிவந்தார். "குழந்தை குறுக்கே இருக்கு. கிருஷ்ணகிரி போகணும். வண்டி, சீக்கிரம்!"

புருஷன்காரர் ஏரிக்கு ஓடினார். மேய்ச்சலில் வெகுதூரம் போயிருந்த மாடுகள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் என் கையை முறுக்கியபடி கிடந்தாள். எனக்கு வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. மாட்டை யார் அவிழ்க்கச் சொன்னது என்று சிஸ்டர் கேட்கவில்லை. கேட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வண்டி அப்போதே கிளம்பியிருந்தால் பிழைத்திருக்குமா? யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பத்து நாள் கழித்து அந்தப் புருஷன்காரர் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார்.

"அன்னிக்கு நீங்க ஒருத்தர்தாங்கம்மா எனக்கு தைரியம் சொன்னீங்க. அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் மூச்சு வுட்டேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். கூடையை வாங்கிக்கொண்டேன்.