சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட டப்பா

காலை ஐந்து இருபது. வாசல் விளக்கடியில் முதலில் தெரிந்தவை இரண்டு காலி எவர்சில்வர் டப்பாக்கள். அவற்றைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு அத்தை பிறகுதான் தெரிந்தார். ஒரு டப்பாவில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அது எங்களுக்கு.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சாமிக்குப் படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. அத்தைக்கு அது தெரியும். ஒவ்வொரு பண்டிகைக்கும் படையலுக்கு முன்பே எங்கள் பங்கைத் தனியாக எடுத்து, அடையாளத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். அம்மாவும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

அன்று திருவாதிரை. எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அத்தை என்னையும் கூப்பிட்டிருந்தார். அம்மா இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார். "கூட்டத்துல அத்தை கைய விடாத. படைச்சத மட்டும் வாயில வச்சிடாத" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் ஊர் முதுநகரில் ரயில் ஏறினோம்.

அங்கே களி கிண்டி இறக்கியதும் அத்தை முதலில் எங்கள் டப்பாவை நிரப்பினார். மீதியை நடராஜர் படத்தின் முன் வைத்து, வில்வம் தூவிக் கும்பிட்டார்கள். அத்தையின் டப்பா அதற்கப்புறம் நிரம்பியது.

திரும்பும் ரயிலில் அத்தை தூங்கிவிட்டார். டப்பாக்கள் என் மடியில் இருந்தன. பரங்கிப்பேட்டையில் எங்கள் டப்பாவில் ஒரு விரல் தொட்டேன். புதுச்சத்திரத்தில் ஒரு கை அள்ளினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது டப்பா காலி. அத்தையின் டப்பாவிலிருந்து பாதியை இதில் தள்ளி, ரப்பர் பேண்டை மாட்டினேன்.

அதன் பிறகுதான் ஞாயிறு வகுப்பு நினைவுக்கு வந்தது. படைத்ததைத் தின்றால் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் இனி அத்தையோடு என்னை அனுப்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் கர்த்தர் அம்மாவைப் பார்க்கமாட்டார். வீடு வந்து சேரும்வரை எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

அம்மா ரப்பர் பேண்டைக் கழற்றினார். கண்ணை மூடி ஜெபம் செய்தார். நானும் கண்ணை மூடினேன். என் ஜெபம் வேறு. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் விரல்களில் களி ஒட்டிய ஒரு வில்வ இலை இருந்தது. அம்மா இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இலையைக் கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து, அம்மா களியைச் சாப்பிட்டார். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அதே டப்பாவில் கிறிஸ்துமஸ் கேக்கை வைத்து அம்மா மதிலுக்கு மேலாக அத்தையிடம் நீட்டினார். அத்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எங்க டப்பா பாதியா வந்து சேந்துச்சு. இப்பல்லாம் எலி டிக்கெட் எடுத்து ரயில்ல வருது போல."

அம்மா சிரிக்காமல் சொன்னார்: "அண்ணி, இனிமே எங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்காதீங்க. எல்லாத்தோட சேத்தே குடுங்க."

"உங்க பாஸ்டரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"அவருக்கு சுகரு அண்ணி. அவருகிட்ட எதுக்கு களிப் பேச்சு?"

அத்தைக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திருவாதிரைக்கு வந்த டப்பாவில் ரப்பர் பேண்ட் இல்லை.