இது மனு இல்லை, செய்தி

1. பேனா

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் ஒரு சிறைக்குள் எழுதச் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாளே வாசலில் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். உலோகப் பேனா உள்ளே போகக்கூடாதாம். "பேனா இல்லாமல் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டேன். காவலர் தோளைக் குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்த மயெஸ்த்ரா ரோசாலியா தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேனாவை எடுத்துத் தந்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கைதிகளை எழுதவைத்து உள்ளே ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அதில் தமிழ்ப் பக்கம் ஒன்று வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் உதவி ஆசிரியராக இருந்த நான், பலெர்மோவில் சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டிய ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. எங்கள் ஆட்கள் அந்த அரை நாளில் கபோ சந்தைக்குப் போவார்கள். நான் சிறைக்குப் போனேன்.

"கள்ளருக்கு எழுத்துப் படிப்பிச்சு என்ன கிடைக்கப்போகுது?" என்று ஸ்தாசியோனே என்னும் ரயில் நிலையத்துப் பக்கம் கடை வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவர் கேட்டார்.

"வெளியிலை இருக்கிற கள்ளருக்குப் படிப்பிக்க ஆரும் என்னைக் கூப்பிடேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

2. கேஸ் எழுதிய கை

என் வகுப்புக்கு வந்த ஜெகநாதன் வெளியே இருந்தபோது 'கேஸ்' எழுதிக்கொடுத்தவர். ஜெர்மனி, சுவிஸ் என்று போய் அகதி அந்தஸ்துக் கேட்பவர்களுக்கு அவர்களுடைய துன்பக் கதையைத் தயார் பண்ணிக் கொடுக்கும் தொழில். கதையோடு பாஸ்போர்ட்டையும் தயார் பண்ணிக் கொடுத்ததால் உள்ளே வந்துவிட்டார்.

அவர் எனக்குத் தந்த முதல் கட்டுரை, "மாண்புமிகு ஆசிரியர் சமூகத்துக்கு, அபாக்கியத் தகப்பன் ஒருவனின் கண்ணீர் விண்ணப்பம்" என்று தொடங்கியது. அழுகையை விலக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே உண்மையான விஷயம் ஒன்று இருந்தது.

அவருடைய தகப்பன் கந்தையா. ஆகவே அவர் கந்தையா ஜெகநாதன். அவருடைய ஆறு வயது மகள், ஜெகநாதன் துஷ்யந்தி. எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், குடும்பப் பெயர் கிடையாது. இத்தாலியருக்கோ 'கொக்னோமே' என்னும் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் உறவே இல்லை. அவன் கந்தையா, பிள்ளை ஜெகநாதன், இரண்டும் வேறு குடும்பம் என்று, பார்க்க வருபவர்களைப் பதியும் சந்திப்பு மேசையில் சொல்லிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் ஊரில் போருக்குள் கிடந்தது. கலியாணச் சான்றிதழ் கையில் இருந்ததால் மனைவி செல்வி உள்ளே போவார், பிள்ளை தெருவில் யாராவது ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"மூண்டு வருசமாப் பிள்ளையைப் பாக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் உள்ளுக்கை வந்தே ஒரு வருசம் ஆகேல்லையே?" என்று கேட்டேன்.

"அக்கா, பெரிசாச் சொன்னாத்தானே வெள்ளைக்காரன் நம்புவான்."

"ஒரு பொய் பிடிபட்டால் உங்கடை உண்மையெல்லாம் குப்பைக்குள்ளை போயிடும். உங்களுக்கு மட்டுமோ இப்பிடி நடக்குது? மற்ற ஆக்களிட்டைக் கேட்டனீங்களோ?"

அவர் கேட்கவில்லை. கேஸ் எழுதுபவனுக்கு ஒரு ஆளின் துன்பம் போதும். அடுத்தவனைக் கேட்கும் பழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

"அந்த மேசையிலை இருக்கிற காவலரிட்டையும் கேளுங்கோ."

"அவரிட்டை நான் என்னெண்டு அக்கா கேக்கிறது?"

"வாயாலை."

கேட்டுக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த இலங்கைத் தகப்பன்மார் எல்லோருக்கும் இதே கதைதான். மொரிஷியஸ் தமிழருக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதால் அவர்களுடைய பிள்ளைகள் தடையில்லாமல் வந்து போனார்கள். மேசைக் காவலர் சொன்னது இன்னும் சூடு: "எனக்கு யாரும் விளக்கவில்லை. மேலே கேட்டேன், பதில் வரவில்லை."

நான்கு தடவை திருப்பி எழுதவைத்தேன். கடைசிப் பிரதியில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து அதை இத்தாலியத்தில் மொழிபெயர்த்தேன்.

3. தொமாந்தினா

அச்சுக்குப் போகுமுன் சிறைப் பணிப்பாளர் மயெஸ்த்ராவையும் ஜெகநாதனையும் என்னையும் கூப்பிட்டார். கட்டுரை இத்தாலிய மொழியில் அவர் மேசையில் கிடந்தது.

"இது தேவையில்லாத சத்தம்" என்றார். "ஒரு தொமாந்தினா எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கே அவருடைய பிள்ளையை உள்ளே விடுகிறேன்."

தொமாந்தினா என்பது கைதி எதற்கும் எழுதிக்கொடுக்க வேண்டிய மனு. சவர்க்காரத்துக்கும் அதுதான், வைத்தியரைப் பார்க்கவும் அதுதான்.

ஜெகநாதனுக்கு அதைத் தமிழில் சொன்னேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பிள்ளையைப் பார்க்கத் துடிக்கும் மனிதனிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் முடிவு அவருடையது.

"மற்றப் பிள்ளையளையும் விடுவாரோ எண்டு கேளுங்கோ அக்கா."

"அவரவர் எழுதித் தரட்டும். பார்க்கலாம்" என்றார் பணிப்பாளர்.

ஜெகநாதன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கும் வேண்டாம். கெஞ்சிக் கெஞ்சி எழுதியே என்ரை கை பழுதாப் போச்சு. இது மனு இல்லை, செய்தி எண்டு சொல்லுங்கோ. கீழை என்ரை முழுப்பேரையும் போடச் சொல்லுங்கோ."

நான் ஒரு சொல்லையும் மழுப்பாமல், தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே மொழிபெயர்த்தேன். மயெஸ்த்ரா, "அந்தப் பக்கம் இல்லாவிட்டால் இந்த மாதம் பத்திரிகையே இல்லை" என்றார். சிசிலியக் கைதிகளும் தங்கள் கட்டுரைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வெளியே எங்களைக் கண்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரத் தயங்கும் ஆட்கள்.

அடுத்த சந்திப்பு நாளில் செல்வி வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர் பெரிசோ, பிள்ளை பெரிசோ? அவருக்கு உருவேத்தி விட்டது நீங்கள்தானே?"

"நீங்கள் போங்கோ, பிள்ளையை நான் பாக்கிறன்" என்றேன். சியாகுல்லி மந்தரீனி என்னும் சின்னத் தோடம்பழம் ஒன்றை உரித்துக் கொடுத்தேன். துஷ்யந்தி அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு, "பெர்கே இயோ நோ?" என்று கேட்டாள். நான் மட்டும் ஏன் இல்லை என்று. ஆறு வயதுப் பிள்ளை. அந்தக் கட்டிடத்தை அப்படியே இடித்துப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

4. அச்சில்

பணிப்பாளர் கொஞ்ச நாள் இழுத்தடித்துப் பார்த்தார். பிறகு விட்டார். இந்த மாதம் பத்திரிகை ஏன் வரவில்லை என்று மேலே கேட்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இத்தாலியம், கீழே கந்தையா ஜெகநாதன். சில வாரங்களில் சந்திப்பு மேசையில் புதிய உத்தரவு ஒன்று ஒட்டப்பட்டது: இலங்கையர் விஷயத்தில் தகப்பனின் சொந்தப் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகக் கொள்ளப்படும். யாரும் மனு எழுதவில்லை. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உள்ளே போனார்கள். செல்வி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். இன்றுவரை என்னை முழுதாக மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அதுவும் அவருடைய நியாயம்.

இப்போது எழுத வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். கெஞ்சிக் கேட்டால் ஒரு கதவு திறக்கும், உங்களுக்கு மட்டும். பிறகு அடைத்துவிடுவார்கள். விசாரித்து, சரிபார்த்து, பெயர் போட்டு எழுதுங்கள்.

மகளை மடியில் வைத்திருந்த சந்திப்புக்குப் பிறகு வந்த வியாழன், ஜெகநாதன் என்னிடம் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் புதுக் கட்டுரை ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டார்.

"பல்லு வைத்தியர் எப்ப வாறவர் எண்டு மூண்டு பேரிட்டைக் கேட்டன் அக்கா. மூண்டு பேரும் மூண்டு மாதிரிச் சொல்லினம். இனிப் பணிப்பாளரிட்டைத்தான் கேக்கோணும். ஆர் போறது, நீங்களோ நானோ?"

"கட்டுரைக்குக் கீழை ஆரின்ரை பேர் வரப்போகுது?" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார்.