மச்சான் துளைத்த கிட்டார்

அந்த ஓட்டலில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவரைப் பூனை என்பார்கள். முகத்துக்கு நேரே மட்டும் பூனையார். வரவேற்புக் கூடத்தில் படிக்கட்டுக்கும் பெரிய பூந்தொட்டிக்கும் நடுவே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்க கிட்டார் வாசிப்பது அவர் உத்தியோகம். மைக் கிடையாது, ஒயர் கிடையாது. பூனை நடக்கிற மாதிரி வாசிப்பார், அதனால் அந்தப் பெயர். பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே ஒரு மனிதர் வாசிக்கிறார் என்றே கவனிக்க மாட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. அவருக்கு வேண்டியது அந்த மரத்தின் குரல். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, அந்த ஒலி எழும்பி, பரவி, ஓய்ந்து முடிகிற வரைக்கும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

காது விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதை இங்கே உட்கார்ந்தபடி சொல்வார். வீட்டில் அவர் வாசிக்கும்போது சமையலறையில் கரண்டி விழுந்தால் மனைவியைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைப்பார். அவள் சிரித்துக்கொண்டே, "கரண்டிக்கு உங்க அருமை தெரியலைங்க" என்பாள்.

அப்போது ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். புது மேனேஜர் என்றால் எதையாவது மாற்றியாக வேண்டும்; இல்லாவிட்டால் அவர் வந்தது யாருக்குத் தெரியப் போகிறது?

"சார், நீங்க வாசிக்கிறது உங்களுக்காவது கேக்குதா?" என்று ஆரம்பித்தார். "இனிமே விருந்து ஹால்ல பேண்டோட வாசிங்க. சத்தத்தை ஒயர் வழியா ஸ்பீக்கருக்கு அனுப்புமே, அந்த பிக்கப்பை கிட்டார்ல போட்டுட்டு வாங்க. இல்லன்னா கூடத்துக்கு ஒரு ஸ்பீக்கர் போதும், ஆளே வேணாம்."

இதற்கு மேல் ஒருவரிடம் என்ன சொல்ல வேண்டும்? பூனையார் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மச்சானிடம் போனார். மச்சான் என்பது மனைவியின் தம்பி. வாத்தியங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஆள் பனைமர உயரம், பேச்சு தரையில் ஊர்கிற மாதிரி மெதுவாக வரும்.

"மாமா, கிட்டார் வாய்க்குக் குறுக்க மாட்டிக் கழட்டுற பிக்கப் ஒண்ணு இருக்கு. மரத்துல கை வைக்கவே வேணாம். அதையே போட்டுக்கலாமே" என்றான்.

"அது கரண்டு கிட்டார் மாதிரி கத்தும்டா. கம்பியெல்லாம் உட்கார்ந்திருக்குல்ல ஒரு எலும்புத் துண்டு, அதுக்கு அடியில வைக்கிற பட்டை பிக்கப்தான் எனக்கு வேணும். விலாவுல திருகு பெட்டியும் வெச்சுடு. ஹால்ல சத்தத்தைக் கூட்டு, குறைன்னு உயிரை எடுப்பாங்க."

"பட்டையை வைக்கணும்னா எலும்பை அடியில கொஞ்சம் தேய்க்கணும். அது மரத்து மேல நேரா உட்காராது, பட்டை மேலதான் உட்காரும். விலாவுல பெட்டிக்கு ஓட்டை, வால் பக்கம் ஒயருக்கு ஓட்டை. ஒயர் இல்லாம வாசிக்கிறப்ப குரல் கொஞ்சம் மாறும் மாமா. ரொம்ப இல்ல, காப்பியில சர்க்கரை ஒரு சிட்டிகை கம்மியான மாதிரி. பின்னாடி என்னைத் திட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"சரிடா, சொல்லிட்டே. போடு."

யோக்கியனாக இருப்பதில் இதுதான் வம்பு. பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். 'ஒண்ணும் மாறாது மாமா' என்று மற்ற கடைக்காரர்கள் சொல்வதுபோல் சொல்லியிருந்தால், பின்னால் குரல் கெட்டது மச்சான் வேலைதான் என்ற நினைப்பு பூனையாருக்கும் வந்திருக்காது. மச்சான் உள்ளதைச் சொன்னான். அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பிக்கப் மாட்டிய கிட்டாரை வீட்டில் ஒயர் இல்லாமல் வாசித்துப் பார்த்தார். மச்சான் சொன்ன அளவுக்கு மாறியிருந்தது. அடிக்கம்பிகளின் கனம் லேசாக இளைத்திருந்தது, வேறொன்றுமில்லை. வயிற்றுப்பாட்டுக்காக இவ்வளவு கூடப் பொறுக்காவிட்டால் எப்படி என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஹாலில் அவருக்குக் கிடைத்த இடம், டிரம்ஸ்காரருடைய வெண்கலத் தட்டுகளுக்கும் ஆள் உயர ஸ்பீக்கருக்கும் நடுவில். விருந்துக்கு வந்தவர்கள் சத்தம் போட்டுப் பேசுவார்கள். அது கேட்காமலிருக்க பேண்ட் சத்தத்தைக் கூட்டும். பேண்டை மிஞ்ச அவர்கள் இன்னும் கத்துவார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு வண்டு. காலையில் வண்டு போய்விடும். கொஞ்ச காலத்தில் அது காலையிலும் போகாமல் தங்க ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இருப்பதுதானே என்று அவரும் அதைக் குடிவைத்துக்கொண்டார்.

வீட்டில் கிட்டாரின் குரல் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே போனது. முதலில் மேல் கம்பிகளின் மினுமினுப்பு போனது. பிறகு ஒலி ஓயும்போது கடைசியில் வரும் அந்த மெல்லிய வால் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கடைசியில் அட்டைப்பெட்டியில் ரப்பர் பேண்டு கட்டித் தட்டுவதுபோல் ஆகிவிட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் சமயத்தில் அதையே சொல்வார்கள். பூனையாருக்கு ஒரு கணம்கூடத் தன் காது மேல் சந்தேகம் வரவில்லை. குற்றவாளி கையில் தயாராக இருக்கும்போது யார் வேறு ஆளைத் தேடுவார்கள்?

"உன் தம்பி என் கிட்டாரைக் கொன்னுட்டான்" என்றார் மனைவியிடம்.

"எனக்கு எப்பவும் போலத்தாங்க கேக்குது."

"உனக்கு என்னடி தெரியும்? மிக்சி சத்தமும் கிட்டார் சத்தமும் உனக்கு ஒண்ணுதான்."

கடைக்குப் போய் மச்சானை வாடிக்கையாளர்கள் எதிரிலேயே பிடித்துக்கொண்டார். எலும்பை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாய், விலாவை வெட்டி மரத்தின் உயிரை எடுத்துவிட்டாய் என்று வாயில் வந்ததெல்லாம் பேசினார். மச்சான் முதலில் நிதானமாகப் பதில் சொன்னான். கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டினான். நன்றாகத்தானே இருக்கிறது என்றான். பேசிக்கொண்டே இருந்தவன், நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு மாமாவின் முகத்தையே பார்த்தான். அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது.

"என் தப்புதான் மாமா. மரத்தை அதிகமா வெட்டிட்டேன்."

ஒப்புக்கொண்டவனை மன்னிப்பார்கள் என்று யார் சொன்னது? ஒப்புக்கொண்ட பிறகுதான் பூனையாருடைய கோபத்துக்குக் கால் முளைத்தது. போகிற இடமெல்லாம் சொன்னார். வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போனார்கள். வீட்டில் மனைவியிடம், "உன் தம்பி வீட்டுக்குப் போறதுன்னா போ. அங்க போயிட்டு வந்து என் முகத்துல முழிக்காதே" என்றார். அவள் போகவில்லை. போயிருக்கலாமே என்று நாம் சொல்லலாம். சொல்ல நமக்கென்ன, அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நாமா? அவர் வேலைக்குப் போன நேரத்தில் தம்பியோடு போனில் பேசுவாள், அவ்வளவுதான்.

மச்சானுக்கு ஈரல் கெட்டது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். ஒருநாள் மத்தியானம் செய்தி வந்தது. அவள் அழுதுகொண்டே ஓடினாள். தம்பியை உயிரோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பூனையாரும் போனார். வாசல் கேட்டருகே நின்றார், உள்ளே போகவில்லை. வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆள் போன பிறகும் அவருக்கு ஆறவில்லை. மச்சான் செய்ததையெல்லாம் கழற்றி எறிந்தால் பழைய குரல் வந்துவிடும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊரின் மறுகோடியில் கிட்டார் செய்கிற ஒரு பெண்மணியின் பட்டறையைத் தேடிப் போனார். அந்த அம்மாள் பட்டையை உருவினாள். பெட்டியைக் கழற்றி, விலா ஓட்டையில் அதே ஜாதி மரத்துண்டை வைத்து அடைத்தாள். புது எலும்பு தேய்த்து நேராக மரத்தில் உட்கார வைத்தாள். தழும்பு எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பூனையார் வாசித்தார். அதே அட்டைப்பெட்டி.

"செத்த மரம் செத்ததுதாம்மா" என்றார்.

அந்த அம்மாள் சுவரில் தொங்கிய ஒரு கிட்டாரை எடுத்துக் கொடுத்தாள். தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் பிக்கப் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இதுல ஒண்ணுமே வைக்கலை சார். போன வாரம்தான் செஞ்சு முடிச்சேன்."

இன்னொன்றைக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. எல்லாம் அட்டைப்பெட்டி. பூனையார் கடைசிக் கிட்டாரின் மரத்தில் காதை ஒட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் தட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னாள்: "சார், ஒரு தடவை காது டாக்டரைப் பார்த்துடுங்க."

டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். பூனையார் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார். வெளியே டாக்டர் ஏதேதோ திருகிக்கொண்டே இருந்தார்.

"கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் எல்லாம் உங்க காதுக்குப் போயிடுச்சு. போனது திரும்பாது" என்றார் டாக்டர். "ஆரம்பத்துலயே வந்து, அந்த ஸ்பீக்கர் பக்கத்துலேர்ந்து எழுந்திருந்தீங்கன்னா, நிறைய மிச்சம் பண்ணியிருக்கலாம்."

வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, உன் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, என் காதுதான் போய்விட்டது. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். உன்னைத் தம்பி முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டேனே என்றபோது அவர் உடைந்து அழுதார்.

அவள் திரும்பவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தோள் அசைவதிலிருந்து ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னே?"

மறுபடியும் சொன்னாள். அவருக்குத் தம்பி என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

"கேக்கலைடி. என்ன சொன்னே?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு அருகில் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அவனுக்கு அப்பவே தெரியும்! கடையில நீங்க சண்டை போட்டப்ப, மேசை மேல கடிகாரத்துல அலாரம் கீச்சு கீச்சுன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையாம். 'காது போச்சுன்னு தெரிஞ்சா மாமா கிட்டாரைத் தொடவே மாட்டாருக்கா, பழி என் மேலயே இருக்கட்டும்'னான். சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். 'இங்க வராதே, வந்தா சண்டை வரும், சண்டையில உன் வாய்லேர்ந்து வந்துடும்'னான். நான் போகலை! சாகிற வரைக்கும் போகலை! இப்ப டாக்டர் சொல்றாரு, அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க காது தப்பிச்சிருக்கும்னு!"

எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. இந்தத் தடவை அவருக்கு எல்லாம் கேட்டது. யார் மேல் கோபப்படுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மச்சான் எதற்குப் பயந்து அவ்வளவையும் தாங்கிக்கொண்டானோ அது அன்றைக்கே நடந்தது. பூனையார் அதற்கப்புறம் வாசிக்கவில்லை.