கைசரின் எண்ணெய்க் குளியல்

அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பூடுல் நாய் வளர்ப்போர் சங்கத்தில் மார்லிஸ் எங்கெப்ரெட்சன் வாயைத் திறந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. நாய்களின் குலப்பெருமைக்கு அவரே காவல். அந்த இனத்துக்கு வரும் எண்ணெய்ச் சுரப்பி நோயை அவர் ஒரு நோயாகவே மதித்ததில்லை, ஒழுக்கக்கேடாகத்தான் மதித்தார். தோலுக்கடியில் சுரப்பிகள் செத்துப்போய், செதில் உதிர்ந்து, முடி கொட்டும், வம்சத்தில் இறங்கும். சங்கத்து உறுப்பினர் கார்லீனின் நாய்க்கு அது வந்தபோது, கூட்டத்தில் எழுந்து, "குடும்பம் சரியில்லைன்னா குட்டி எப்படி சரியா இருக்கும்?" என்று கேட்டவர் மார்லிஸ்தான். கார்லீன் அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. சங்கத்தின் மானம் பிழைத்தது.

கடவுளுக்குக் குறும்பு உண்டென்று லூத்தரன் சபைப் பாதிரிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஏப்ரலில், பரிசுகள் வாங்கிய மார்லிஸின் சொந்த நாய் கைசரின் முதுகில் செதில் தட்டியது. யாருக்கும் தெரியாத வெளியூர் மருத்துவர் தோலில் துளி கிள்ளிச் சோதித்து, அதே நோயின் பேரைச் சொன்னார்.

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் கைசருக்கு எண்ணெய்க் குளியல். பேபி ஆயிலைத் தேய்த்து, ஊறவைத்து, மருந்து ஷாம்பு போட்டு அலசவேண்டும். வெளியே கிளம்பினால், முடி கொட்டிய முதுகு யார் கண்ணிலும் படாமலிருக்க ஸ்வெட்டர். ஜூலையிலும் ஸ்வெட்டர்.

"அவனுக்குக் குளிருதுங்கறே. எனக்கு வேர்த்து ஊத்துது," என்றார் கணவர் ஓரின்.

அப்படியொரு சனிக்கிழமை, பருவத்துக்கு வந்த தன் பெண் நாய் பிக்சியோடு தோழி ஜெனீல் வந்துவிட்டார். கைசரோடு சேர்ப்பதாகக் கிறிஸ்துமஸிலேயே பேச்சு.

"போனை எடுக்கமாட்டேங்கறே. அதான் மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்களே வந்துட்டோம்."

"அவன் குளிக்கறான், ஜெனீல்."

"நான் பாக்காத மாப்பிள்ளையா?" ஜெனீல் நேரே குளியலறைக்குள் நுழைந்தார். "அடேயப்பா, என்ன மினுமினுப்பு. எங்கிட்ட சொல்லாம என்னடி தடவறே?"

"சும்மா, முடி பளபளப்புக்கு," என்றது மார்லிஸின் நாக்கு. அதற்கு நல்ல பழக்கம்.

ஜெனீல் பிக்சியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். மார்லிஸின் கண்முன் எட்டுக் குட்டிகள் எட்டு ஸ்வெட்டர்களில் அணிவகுத்தன.

"அவிழ்க்காதே. கார்லீன் நாய்க்கு வந்ததுதான் இவனுக்கும்."

ஜெனீல் நிமிர்ந்தார். "எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்."

"அப்ப மே மாசம், பொண்ணு பருவத்துக்கு வந்ததும் கூட்டிட்டு வரேன்னு நான் சொன்னப்ப, சிரிச்சுக்கிட்டே நின்னியே."

மார்லிஸ் குழாயைப் பார்த்தார்.

"கூட்டத்துல நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். கார்லீன் வீட்டுக்கும் போறேன்."

"அவ கதவைத் திறந்தா பாரு."

ஜெனீல் பிக்சியை இழுத்துக்கொண்டு கிளம்பினார். வந்ததும் சமையல் மேடையில் வைத்திருந்த கேக்கையும் தட்டோடு எடுத்துக்கொண்டார். கொண்டுவந்த பலகாரத்தைத் திருப்பி எடுத்துப்போகும் வழக்கம் டுலூத்தில் கிடையாது. சாவு வீட்டில் சண்டை வந்தாலும் கிடையாது.

"கேக்கையுமா எடுத்துட்டுப் போறா?" என்று கூடத்திலிருந்து கேட்டார் ஓரின். "அப்படி என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

மார்லிஸுக்கு நாயின் முகத்தைப் பார்க்கவும் கூசியது. சுவரைப் பார்த்துக்கொண்டே அதன் முதுகில் எண்ணெய் தேய்த்தார்.