லெட்சுமிக்குச் செய்த பாட்டு

நம்பாதவர்கள் கொட்டகலை பஜாருக்குப் போய், வீடியோ கடை சுதர்ஷினியைக் கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் நடக்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டாள்.

கல்யாணமோ கருமாதியோ, ஏ.ஐ.யில் பாட்டுச் செய்து கொடுப்பது அவள் தொழில். அன்று மத்தியானம், மூடுபனி கடைக்குள்ளேயே வந்து நின்றபோது, மேல் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து நிரஞ்சன் வந்தான். கையில் ஆறு வயது மகள் தனுஷிகா. அவன் மனைவி லெட்சுமி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். ஆணியடித்த பெட்டியில் திரும்பினாள். திறக்கக் கூடாது என்று அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். முகம் பார்க்காமலே புதைத்தார்கள். அம்மா சாகவில்லை, வந்தால்தான் சாப்பிடுவேன் என்று பிள்ளை அன்றிலிருந்து பட்டினி கிடக்கிறாள்.

"தங்கச்சி, 'நான் போயிட்டேன், தனு நீ சாப்பிடு'ன்னு அவ குரல்லயே பாடணும். அதக் கேட்டாலாவது இவ நம்புவா."

"செஞ்சிரலாம்ண்ணே. இந்த மெசின் என்ன சொன்னாலும் பாடும். சம்பளம் கூட்டச் சொல்லி மட்டும் கேக்காது."

நிரஞ்சன் சிரிக்காமல் போனை நீட்டினான்.

லெட்சுமி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை ஏற்றினாள் சுதர்ஷினி. தாளத்துக்கு, பெட்டி குழியில் இறங்கும்போது அடித்த தப்பு மேளம். நிரஞ்சன் போனில் பிடித்தது. சாவுக்கு அடித்த தப்பை யாரும் வீட்டுக்குள் கேட்கவிடமாட்டார்கள். அவளுக்கும் தெரியும். மெசினுக்கு ஏது தீட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு வந்தது.

பாடியவள் லெட்சுமி இல்லை. கனத்த குரல். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஏதோ தாலாட்டு மாதிரி...

அழித்துவிட்டு மறுபடி செய்தாள். அதே குரல். இந்த முறை நடுவில் ஒரு விம்மல்.

லெட்சுமியின் பதிவுகளை நீக்கிவிட்டு, தப்பை மட்டும் கொடுத்தாள்.

டக்... டக்கு டக்...

அப்போதும் அந்தக் கனத்த குரலே பாடியது.

கரண்ட் போனது.

பாட்டு போகவில்லை.

"அப்பா..." தனுஷிகா மெதுவாகக் கேட்டாள். "இவங்கள ஏன் புதைச்சோம்?"

நிரஞ்சன் நாயாய் அலைந்தான். கோர்ட் உத்தரவோடு குழியைத் தோண்டினார்கள். மருந்தேற்றிய உடம்பு; முகம் கெடவில்லை. அது லெட்சுமி இல்லை. வேறு தேசத்துப் பெண். பிணவறையில் பெட்டி மாறிவிட்டதாம். "சின்னத் தவறுதானே" என்றான் ஏஜென்சிக்காரன். தேயிலைக் கொழுந்துச் சாக்கைக்கூடத் தோட்டத்தில் யாரும் அப்படி மாற்றி ஏற்றமாட்டார்கள். லெட்சுமியைத் திருப்பிக் கொண்டுவர எவனும் முன்வரவில்லை.

அந்தப் பெண்ணின் தாயைத் தேடிப் பிடித்துப் பாட்டை அனுப்பினார்கள். என் மகளின் குரல்தான், பேரப்பிள்ளைக்குப் பாடும் தாலாட்டுத்தான் என்று கதறினாளாம்.

பிறகு, மொழிபெயர்த்தவர் மூலமாக ஒரு கேள்வி கேட்டாள். தன் மகள் என்று தங்கள் ஊரில் புதைத்த குழியின் பக்கம், மத்தியானமானால் ஒரு பெண் கூப்பிடுகிறாளாம். தினமும் ஒரே சொல். அந்த ஊரில் யாருக்கும் பொருள் தெரியவில்லையாம்.

"தனு... தனு... உங்கள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம்?"