வத்சலா தைத்த புத்தகங்களைத் தோலுரித்த கதை

வத்சலா எனக்கு நாத்தனார் மகள். அவள் அப்பா சிதம்பரம் வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ரெஜிஸ்தர்களை பைண்டு செய்தவர். அவரிடம் பழகிய கையை வைத்துக்கொண்டு, கரியாஹாட் பக்கம் இருக்கிற எங்கள் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு முப்பத்தொரு வருஷம் புத்தகம் தைத்தாள். தோல் அட்டை போடுவது அவளுக்கு ஒரு நாள் வேலை. தாள்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து நூலால் தைக்கத்தான் மூன்று நாள் பிடிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பாள். ஒரு புத்தகமாவது நூல் விட்டுப் போனது என்று யாரும் சொல்லட்டும் பார்க்கலாம்.

போன தை மாதம் சங்கச் செயலாளர் ஜெய்ராம் அவள் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, பைண்டிங் கலையோட வரலாறுன்னு நூலகத்துல கண்காட்சி வைக்கிறோம். உங்களுக்குத்தான் பொன்னாடை."

விழா அன்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பலகை. அதில் இருபத்துநான்கு தோல் அட்டைகளை ஆணியடித்து, கருவாடு காயப்போட்ட மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்றுக்குள்ளும் ஒரு தாள் இல்லை. எல்லாம் பிளேடால் அறுத்தவை.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க?" என்றாள் வத்சலா.

"ஸ்பைரல் போடக் குடுத்தாச்சுக்கா. படிக்கிறவங்களுக்கு வசதி. அட்டைதானே உங்க கலை?"

"உன்னைப் பத்திக் கண்காட்சி வச்சா, தோலை மட்டும் உரிச்சு மாட்டினாப் போதுமா தம்பி?"

விழாவுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஸ்பைரல் போடக் கொடுத்த இடத்தின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தச் செராக்ஸ் கடைக்கு நடந்தாள். அறுபத்தாறு வயசுக்காரி, நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கடைக்காரன் சுஜித் பத்தாவது புத்தகத்தை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தான். முடிந்த ஒன்பதிலும் ஓரமெல்லாம் ஓட்டை. அவள் போட்ட தையல் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

"நிறுத்து" என்று பெங்காலியில் சொன்னாள்.

"மாஷிமா" என்று மரியாதையாகப் பெரியம்மா முறை வைத்தான். "செக்ரட்டரி ஆர்டர். லெட்டர் இல்லாம நிறுத்த முடியாது."

வத்சலா மெஷினின் வாயில் கையை வைத்தாள். "அப்போ முதல்ல இதுல போடு ஓட்டை."

அவன் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தான். ஜெய்ராமுக்குப் போன் போட்டான். "பொன்னாடை போத்தணும், எல்லாரும் காத்திட்டிருக்காங்க!" என்று அந்தப் பக்கம் கத்தல் கேட்டது.

"உனக்குக் குளிருதுன்னா நீயே போத்திக்க" என்று போனில் சொல்லிவிட்டு, ஓட்டை போட்ட ஒன்பதையும் மீதிப் பதினைந்தையும் டாக்ஸியில் ஏற்றினாள். திரும்பிப் போய் விருந்தினர் கண்முன்னாலேயே ஆணிகளைப் பிடுங்கி அட்டைகளை எடுத்துக்கொண்டாள்.

பதினைந்தை அட்டையோடு மறுபடி சேர்த்துவிட்டாள். அந்த ஒன்பது இனிச் சேராது. தையல் போட ஓரம் இல்லை. அந்த அட்டைகளையாவது கண்காட்சிக்குத் தரும்படி ஜெய்ராம் கேட்டார். தருகிறேன் என்றாள். ஆனால் இவற்றை அறுத்தது யார், எந்தத் தேதியில் என்று கீழே எழுதி மாட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எழுத அவருக்கு மனசு வரவில்லை. பெட்டி காலியாகவே இருக்கிறது. இருக்கட்டும்.